‘நான்தான் பேசறேன்... குரல் தெரியுதா?’

சேலம், நாமக்கல் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் ரேடியோவைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். முகமே மலர்ந்துவிடும்!

நாமக்கல் பக்கம் திருச்சி, சேலம் பக்கம் கோவை, ராத்திரியானால் இலங்கை. முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினால் குரல் மாறும். தறிச் சத்தத்துக்கு நடுவே அம்மாப்பேட்டையிலும் குகையிலும் பாட்டு கேட்கும். ராசிபுரத்தில் காபிக்கு வெந்நீர் கொதிக்கும்போது மாநிலச் செய்தி ஓடும். கடிகாரம் இல்லாத வீட்டில்கூட ரேடியோதான் மணி சொல்லும்.

சென்னை நிலையம் 1938-லும், திருச்சி நிலையம் 1939-லும், கோவை நிலையம் 1966-லும் தொடங்கின. அந்த நிலையங்களில் அறிவிப்பாளராக, நிலைய வித்வானாக, நாடக நடிகராக, இன்ஜினீயராக, எழுத்தராக உழைத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலர் இன்று ரிடையராகி, மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ, ஏதோ ஒரு ஊரில் பேரப்பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டுக்கொண்டு இருக்கிறார்கள். ஊருக்கே வணக்கம் சொன்ன குரலுக்கு, இன்று பேச ஆள் இல்லை!

இது ரேடியோக்காரர்கள் கதை மட்டுமல்ல. பள்ளிக்கூடம், பேங்க், மின்சார வாரியம், தாலுகா ஆபீஸ் என்று எங்கே வேலை பார்த்தவர்களுக்கும் பொருந்தும். வழியனுப்பு விழாவில் மாலை போட்டு, போட்டோ எடுத்து, “அடிக்கடி வாங்க சார்” என்று சொல்லி அனுப்புகிறார்கள். அதோடு சரி. நாலு வருஷத்தில் பாதிப் பேரின் போன் நம்பரே மாறிவிடுகிறது.

அப்படியென்ன நெருக்கம்?

ரேடியோ நிலைய நட்பு ஒரு தனி ரகம். காலை ஒலிபரப்புக்கு விடிவதற்கு முன்பே டியூட்டிக்கு வரவேண்டும். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் வாயைத் திறக்க முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் கைஜாடைதான் பேச்சு. ஒரே மைக்கைச் சுற்றி நாலு பேர் நின்று நாடகம் நடிப்பார்கள். ஒருவர் இருமினால் இன்னொருவர் சமாளிப்பார். நேரடி ஒலிபரப்பில் ‘அழித்துத் திருத்துவது’ கிடையாதே!

அந்த உழைப்புக்குப் பலனும் இருந்தது. 1960-களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 நெல் ரகம் பரவியதில் திருச்சி வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் பெயர் தெரியாத வீடு அன்று தமிழ்நாட்டில் குறைவு. அவர் 2022-ல் காலமானபோது, அவரை நேரில் பார்த்தே இராதவர்கள்கூட சொந்தத்தில் ஒருவர் போனதுபோல வருந்தினார்கள்.

இலங்கை வானொலியில் மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று நம்மவர்கள் உரிமையோடு பெயர் சொல்லிப் பேசினார்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அந்த நாட்டுத் தமிழர்கள் லண்டன், கனடா என்று சிதறினார்கள். ஒன்றாகப் பழகியவர்களுக்கு நடுவே கடலே குறுக்கே வந்துவிட்டது.

நமக்கு அந்தச் சாக்கும் கிடையாது. சேலத்திலிருந்து நாமக்கல் ஒரு மணி நேரச் சொச்சம். இருந்தும் போகிறோமா?

டாக்டர்கள் ஏன் கவலைப்படுகிறார்கள்?

“வயசானா தனிமை சகஜம்தானே?” என்று விட்டுவிடக்கூடாது. தனிமை உடம்பையும் தொடும்.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-ல் ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தார்கள். 724 ஆண்களின் வாழ்க்கையை வருஷக் கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பிறகு மனைவி, பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அதில் தெரிந்த சேதி இது: ஐம்பது வயதில் ஒருவருக்கு இருந்த கொலஸ்ட்ரால் அளவைவிட, அவருடைய உறவுகள் எவ்வளவு திருப்தியாக இருந்தன என்பதுதான் எண்பது வயது ஆரோக்கியத்தை நன்றாகக் காட்டிக்கொடுத்தது!

2010-ல் இன்னொரு பெரிய கணக்கெடுப்பு வந்தது. 148 ஆய்வுகள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். நல்ல உறவும் நட்பும் உள்ளவர்களுக்கு, ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் இதற்கென்றே ஒரு கமிஷன் அமைத்தது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். தனிமை நீடித்தால் தூக்கம் கெடுகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. மனச்சோர்வு வருகிறது. “யாருக்காக?” என்ற எண்ணத்தில் மாத்திரை, நடை, சாப்பாடு எல்லாம் தள்ளிப் போகின்றன. நண்பர் இருந்தால், “ஏம்ப்பா, இளைச்சுட்டியே... சுகர் பார்த்தியா?” என்று கேட்க ஒருவர் இருக்கிறார். தினமும் பார்க்கும் வீட்டார் கண்ணுக்குப் படாதது, ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்குச் சட்டென்று தெரியும்.

எது தடுக்கிறது?

“அவருக்கு என்னை ஞாபகம் இருக்குமோ என்னவோ!”

“இத்தனை வருஷம் பேசாம, இப்ப திடீர்னு கூப்பிட்டா என்ன நினைப்பாரு? பணம் கேக்கறேன்னு நினைச்சுட்டா?”

“அவர் பையன் அமெரிக்காவுல இருக்கான். நம்ம நிலைமை...”

இப்படித்தானே யோசிக்கிறீர்கள்? கவலை வேண்டாம். உலகம் பூராவும் இதே கதைதான். 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், பழைய நண்பருக்கு ஒரு வரி அனுப்ப ஆசையும் இருந்து, நம்பரும் இருந்து, நேரமும் கொடுத்தும்கூட, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே அனுப்பினார்கள். முன்பின் தெரியாதவரிடம் பேசுவதற்கு எவ்வளவு தயக்கமோ, அதே தயக்கம் பழைய நண்பரிடமும்! ஆனால் 2022-ல் வந்த வேறோர் ஆய்வு, அப்படித் திடீரென்று வரும் விசாரிப்பு எதிராளிக்கு எவ்வளவு சந்தோஷம் தரும் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்கிறது. அவரும் அங்கே உட்கார்ந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருப்பார்.

குரலை நம்பிப் பிழைத்தவர்களுக்கு இன்னொரு கூச்சமும் உண்டு. “என் குரலே போச்சு. கேட்டா ஏமாந்துடுவாங்க.” வயதானால் குரல்நாண்கள் மெலிந்து, குரலில் பலம் குறைவது இயற்கை. ஆண் குரல் கொஞ்சம் மெல்லியதாகவும், பெண் குரல் கொஞ்சம் கட்டையாகவும் மாறுவதுண்டு. நண்பருக்கு வேண்டியது பழைய கணீர்க் குரல் அல்ல, நீங்கள்தான். ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால், வயசு என்று விடாமல் காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பாருங்கள்.

பென்ஷன் வரிசையும் போச்சு!

முன்பெல்லாம் மத்திய அரசு பென்ஷன்காரர்கள் நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க பேங்குக்கு நேரில் போவார்கள். வரிசையில் பழைய முகங்கள் தட்டுப்படும். அப்படியே பக்கத்து ஓட்டலில் ஒரு காபி. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்தது. வீட்டிலிருந்தே விரல் ரேகை, முகப்பதிவு கொடுத்துவிடலாம். முட்டி வலிக்காரர்களுக்கு வரப்பிரசாதம்தான். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை தானாக நடந்த சந்திப்பு நின்றுபோனது. இனி அதை நாமாகத்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

எப்படி ஆரம்பிப்பது?

• முதலில் ஒரு பழைய டைரியை எடுங்கள். நினைவுக்கு வரும் பத்துப் பேர் பெயரை எழுதுங்கள். பியூன், டிரைவர், கேன்டீன்காரரையும் விடாதீர்கள். எல்லார் விலாசமும் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

• பென்ஷனர் சங்கத்தில் விசாரியுங்கள். பேரப்பிள்ளையிடம் சொன்னால் வாட்ஸ்அப்பில் தேடித் தருவான்.

• எடுத்த எடுப்பில் முப்பது வருஷம் பார்க்காதவரைக் கூப்பிடத் தயக்கமா? இப்போது பழக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு முதலில் நலம் விசாரித்து அனுப்புங்கள். கை பழகிவிடும். இதுவும் அந்த 2024 ஆய்வு காட்டிய வழிதான்.

• போனில் நீண்ட முன்னுரை வேண்டாம். “நான்தான் பேசறேன். சும்மாதான் கூப்பிட்டேன். ஒண்ணும் வேலை இல்லை, உன் ஞாபகம் வந்தது” போதும். ‘சும்மாதான்’ என்ற ஒரு வார்த்தையில் பாதி சந்தேகம் தீரும்.

• அடுத்து பேசும் நாளை அப்போதே சொல்லிவிடுங்கள். ‘மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணி’ என்று ரேடியோ நிகழ்ச்சி மாதிரி வைத்துக்கொண்டால் தவறாது.

• நேரில் பார்ப்பதானால் நடு ஊரைத் தேர்ந்தெடுங்கள். சேலம்–நாமக்கல்–கரூர் ரயில் பாதை 2013-ல் திறந்தது வசதி. சேலத்துக்காரரும் கரூர்க்காரரும் நாமக்கல்லில் சந்திக்கலாம். ஆஞ்சநேயர் தரிசனமும் ஆச்சு! கோடையில் உச்சி வெயிலைத் தவிருங்கள். மாத்திரை, தண்ணீர், சுகர் உள்ளவர்கள் கையில் கொஞ்சம் பிஸ்கட் அவசியம்.

காது கேட்கிறதா?

போன் பேசவே பிடிக்காமல் போனவர்களில் பலருக்கு நிஜக் காரணம் காதுதான். வயதில் வரும் காதுக் குறையில் ‘ஸ’, ‘ச’ போன்ற கூர்மையான ஒலிகள் முதலில் மங்கும். குரல் கேட்கும், வார்த்தை புரியாது. “என்னது? என்னது?” என்று கேட்க வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுவார்கள். லான்செட் மருத்துவக் குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களில் காது கேளாமையும் இருக்கிறது, தனிமையும் இருக்கிறது. ஒன்று இன்னொன்றைக் கூட்டி வருகிறது பாருங்கள்! கேட்கும் திறனைப் பரிசோதித்து, தேவையென்றால் காதுக் கருவி வைத்துக்கொள்ளத் தயங்காதீர்கள். மூக்குக் கண்ணாடி போட வெட்கப்பட்டோமா என்ன?

இல்லத்தரசிகளே, நீங்களும்தான்!

ரிடையரான கணவருக்கு ஆபீஸ் நண்பர்கள் இருக்கிறார்கள். உங்கள் தோழிகள்? கல்யாணமாகி ஊர் மாறியதும் பெயரே மாறிப்போனதால், தேடுவது கஷ்டம்தான். அம்மா வீட்டுத் தெருவில் இன்னும் இருப்பவர்களைக் கேட்டால் ஒரு நுனி கிடைக்கும். மருமகள்களும் மகன்களும் ஒன்று செய்யலாம்: அம்மாவின் தோழி பெயரைக் கேட்டுத் தேடிக் கொடுங்கள். புடவையைவிட நல்ல பரிசு!

சில எச்சரிக்கைகள்

விசாரிக்கும்போது சிலர் காலமாகிவிட்ட செய்தியும் வரும். மனம் கனக்கும். அப்போதும் அந்த வீட்டுக்கு ஒரு போன் செய்து, “உங்க அப்பா எங்களோட எப்படி இருந்தாரு தெரியுமா?” என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாத அப்பாவை நீங்கள்தான் தரமுடியும்.

பழைய பிரமோஷன் சண்டையைக் கிளற வேண்டாம். பிள்ளைகளின் சம்பளத்தை ஒப்பிட வேண்டாம். நட்பின் பேரில் யாராவது சீட்டு, முதலீடு என்று ஆரம்பித்தால் வீட்டில் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நட்பு மருந்துக்குப் பதில் ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் இருந்தால் டாக்டரிடம் போங்கள். அரசின் டெலிமானஸ் எண் 14416. முதியோர் உதவி எண் 14567.

நம் காலத்து வானொலியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கொஞ்ச நேரம் சத்தம் நின்றால், “தடங்கலுக்கு வருந்துகிறோம்” என்று சொல்லிவிட்டு நிகழ்ச்சியைத் தொடருவார்கள். ஏன் நின்றது, யார் தப்பு என்று விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். இருபது வருஷத் தடங்கலுக்கும் அந்த ஒரு வரி போதும். அந்த டைரியில் முதல் பெயர் யாருடையது? சாயங்காலக் காபிக்கு முன்னால் கூப்பிட்டுவிடுங்களேன்!