செஞ்சியில் 8 பிறந்த நாள்!

செஞ்சி என்றதும் ராஜா தேசிங்குதான் நினைவுக்கு வருவார். அவருக்கும் முன்பே, சொந்த நாட்டை விட்டு ஓடிவந்த மன்னர் ஒருவர் இங்கே குடியிருந்தார்.

அவர் பெயர் ராஜாராம். வீர சிவாஜியின் இளைய மகன்.

1670-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி, மராட்டிய நாட்டு ராஜ்கட் கோட்டையில் பிறந்தார். குழந்தை குப்புறப் பிறந்ததாம்! அரண்மனையில் எல்லோர் முகமும் வாடியது. சிவாஜி மட்டும் சிரித்தாராம். டில்லி பாதுஷாவின் ஆட்சியை இவன் குப்புறக் கவிழ்ப்பான் என்றாராம். மராட்டியர் சொல்லும் கதை இது.

ஆனால் நடந்தது என்ன?

1689-ல் அண்ணன் சம்பாஜியை அவுரங்கசீப் பிடித்துக் கொன்றார். பட்டம் தம்பிக்கு வந்தது. வயது 19! தலைநகர் ராய்கட்டை மொகலாயப் படை வளைத்துக்கொண்டது. ராஜாராம் யாத்திரைக்காரர்போல் வேடம் போட்டார். கன்னட நாட்டு வழியாகச் செஞ்சிக்கு வந்தார். 1677-ல் தந்தை பிடித்த கோட்டை அல்லவா? ராய்கட் விழுந்தது. அண்ணியும் அண்ணன் மகனும் சிறைப்பட்டார்கள்.

மறு பிப்ரவரியில் அவருக்கு 20 வயது நிறைந்தது. சுற்றிலும் கரும்பாறைகள். உற்றார் சிறையில். எந்த மகனுக்குத்தான் அன்று வீட்டு நினைவு வராது?

அந்த ஆண்டே சுல்பிகார்கான் படையோடு வந்துவிட்டார். முற்றுகை விலகும், மீண்டும் இறுகும். இப்படியே 8 பிறந்த நாட்கள் செஞ்சியில் கழிந்தன.

1698-ல் கோட்டை மொகலாயர் வசமானது. உள்ளே ராஜாராம் இல்லை. முன்பே தப்பிவிட்டார்!

1700-ல், 30 வயது நிறைந்த சில நாட்களில், மராட்டிய நாட்டு சிங்ககட் கோட்டையில் அவர் இறந்தார்.