நெல் புழுக்குதலும் ஜல சிக்கனமும்

புழுங்கலரிசியின் நிறமும் மணமும் நெல்லின் இரகத்தை மட்டுமன்றி, அதை ஊறவைக்கும் ஜலத்தையும் பொறுத்தவை. கோடையில் கிணறு வற்றும் கிராமங்களில் மிராசுதாரர்கள் இதைக் கவனித்தல் அவசியம்.

100 கிலோ நெல்லை ஊறவைக்க அதே நிறையுள்ள ஜலமோ, சற்று அதிகமோ வேண்டும். நன்கு ஊறிய நெல்லில் ஈரம் நூற்றுக்கு 30 பங்காகும்; அதற்கு நெல் உறிஞ்சுவது ஏறக்குறைய 23 கிலோ ஜலமே. மிகுதி தொட்டியிலிருந்து வடிந்து போகிறது.

பச்சைத் தண்ணீரில் நெல் ஊற 1 முதல் 3 நாள் செல்லும். அதற்குள் நீர் புளித்து, அரிசியில் துர்நாற்றம் பற்றும். நாற்றத்தைப் போக்க நீரை மாற்றினால் செலவு இரட்டிக்கும். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த முறைப்படி, சுமார் 70 பாகை (சென்டிகிரேடு) வெந்நீரில் மூன்று, நான்கு மணி நேரம் ஊறவைத்தால் புளிப்புக்கு இடமில்லை. நீர் மாற்றவும் வேண்டா. உஷ்ணம் மிகின் உமி பிளந்து அரிசி கெடும். எரிபொருளுக்கு உமியே உண்டு. நெல்லில் ஐந்திலொரு பங்கு அதுவே.

இரும்புச்சத்து மிகுந்த நீர் அரிசியைப் பழுப்பாக்கும். கடின நீர் கொதிகலத்தில் காரை படியச் செய்யும். ஆகையால் நீரை முன்னதாகப் பரிசோதித்துக் கொள்க.

வடிநீரில் கரைந்துள்ள சர்க்கரை முதலியவை அழுகுங்கால் நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் மடியும். அதைக் குளத்திலோ கிணற்றோரத்திலோ விடாதபடி கிராம அதிகாரிகள் கண்காணித்தல் வேண்டும்.