நெல், மீன், கோழி: ஒரே தீவனம், மூன்று பலன்!

கோழிக்குப் போடும் தீவனம் முழுவதும் கறியாகிவிடாது. பெரும்பகுதி நடமாட்டத்துக்கும் உடல் சூட்டுக்கும் செலவாகிறது. செரிக்காதது எச்சமாக விழுகிறது. இயற்கையில் ஓர் உயிர் இன்னொன்றைத் தின்னும்போது, சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு சக்திதான் அடுத்த படிக்குப் போகிறது.

வீணாகும் அந்த எச்சத்தையும் வேலை வாங்கலாம் என்று, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் விஞ்ஞானிகள் கடலூர் மாவட்ட வயல்களில் காட்டியிருக்கிறார்கள். நெல் வயலுக்கு மேலே கால் நட்டுக் கோழிக் கூண்டு. வயலில் மீன்களுக்குப் பள்ளம். எச்சம் தண்ணீரில் விழுந்ததும் நுண்பாசியும் சிற்றுயிர்களும் பெருகும். அவற்றோடு பூச்சிகளையும் இளங்களைகளையும் மீன்கள் மேயும். மீன் கழிவு நெல்லுக்கு உரமாகும்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் நஷ்டம்தான். பூச்சிக்கொல்லி தெளித்தால் மீன் செத்துவிடும். எச்சம் அளவுக்கு மீறினால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் அதுதான் அறிகுறி. உடனே புதுத்தண்ணீர் விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் மீன் போய்விடாமலிருக்க வரப்பை உயர்த்தி, மடைவாயில் வலை கட்டுவது அவசியம். முதல் போகத்தில் ஒரு சிறு வயலில் மட்டும் செய்து பார்ப்பது நல்லது.