வௌவால் கணக்கெடுப்புக்கு ஒலிப்பதிவு

அந்தி மயங்கும் நேரத்தில் கிணற்று மேட்டிலும் வயலின் மேலும் சிறிய வௌவால்கள் வட்டமிடுவதைக் காணாத விவசாயி இல்லை. அத்தனையையும் துரிஞ்சில் என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவது வழக்கம். ஆனால் அவை பல வகையாக இருக்கலாம். திறந்த வெளியில் பறந்தபடி பூச்சி பிடிப்பவை உண்டு. இலையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியைக் கவ்விச் செல்பவையும் உண்டு. எந்த வகை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அதைக் காப்பாற்ற வழி பிறக்கும். இருட்டில் பறப்பதைக் கண்ணால் இனம் பிரிக்க முடியாது. வலை கட்டினால் உயரத்தில் பறப்பவை சிக்குவதில்லை. இந்தக் குறையைப் போக்க உதவுவது ஒலிப்பதிவு.

காதுக்கு எட்டாத குரல்

பூச்சி தின்னும் வௌவால் பறக்கும்போது குரல் எழுப்பிக்கொண்டே செல்கிறது. அக்குரல் பூச்சியின் மேல் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு இரை இருக்கும் இடத்தை அறிகிறது. மனிதனின் காது சுமார் 20 கிலோ ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பெரும்பாலான வௌவால்களின் குரல் அதற்கு மேற்பட்டது. சில வகைகளில் 100 கிலோ ஹெர்ட்சையும் தாண்டும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிரிஃபின், பியர்ஸ் ஆகிய இருவரும் 1938-ல் கருவியைக் கொண்டு இக்குரலைக் கண்டறிந்து வெளியிட்டனர்.

இன்று இக்குரலைப் பதிவு செய்யத் தனிக் கருவிகள் உள்ளன. பதிந்ததைப் பத்து மடங்கு மெதுவாக ஓட்டினால் காதுக்குக் கேட்கும். கணிப்பொறித் திரையில் கோடுகளாகவும் பார்க்கலாம். குதிரைலாட வௌவாலின் குரல் ஒரே சுருதியில் நிற்பதால் படுக்கைக் கோடாகத் தெரியும். வேறு பல வகைகளின் குரல் மேலிருந்து கீழே சட்டென இறங்கும். இரையை நெருங்கும்போது குரல்கள் மிக நெருக்கமாக விழும். ஆகவே வௌவால் வெறுமனே கடந்து சென்றதா, பூச்சியைத் துரத்தியதா என்பதும் விளங்கும்.

வால்பாறை காட்டிய உண்மை

குரலை வைத்து இனம் சொல்ல, எது எதன் குரல் என்ற பட்டியல் முதலில் வேண்டும். ஒரே வகையின் குரல்கூட இடத்துக்கு இடம் மாறுபடும். எனவே வெளியூர்ப் பட்டியலை அப்படியே நம்ப முடியாது. கோவை மாவட்டம் வால்பாறை பீடபூமியில் 15 வகை வௌவால்களின் குரல்களைக் கொண்ட பட்டியல் 2014-ல் வெளியாயிற்று. அவற்றில் ஐந்து வகைகளின் குரல் அப்போதுதான் முதன்முறையாக வெளியிடப்பட்டது. ஒரே சுருதியில் குரல் கொடுப்பவற்றைப் பிழையின்றிப் பிரிக்க முடிந்தது. சுருதி இறங்கும் குரல்களில் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக அமைந்தது.

அடுத்து, தேயிலை, காப்பித் தோட்டங்களிலும், காட்டுத் துண்டுகளிலும், ஆற்றோரங்களிலும் ஒலிப்பதிவும் வலைப்பிடிப்பும் சேர்த்து ஆய்வு நடந்தது. முடிவு 2017-ல் வெளியாயிற்று. வெவ்வேறு வேலை செய்யும் வௌவால்கள் கலந்து வாழ்வதில், மரநிழல் காப்பித் தோட்டம் பாதுகாக்கப்பட்ட காட்டுக்கு ஏறக்குறைய ஒத்திருந்தது. தேயிலையில் அது வெகுவாகக் குறைந்திருந்தது. தேயிலைக்கு நடுவே ஓடும் ஆற்றின் கரையில் மரங்களை விட்டுவைத்த இடங்களில் அந்த இழப்பில் பெரும்பகுதி தவிர்க்கப்பட்டது. பழந்தின்னிகளும், பெரிய உடலுடையவையும், அகன்ற குட்டைச் சிறகுடையவையும், ஒரே சுருதியில் குரல் கொடுப்பவையும்தான் அதிகம் பாதிக்கப்பட்டன.

கவனிக்க வேண்டிய குறைகள்

நூறு குரல் பதிந்தால் நூறு வௌவால் என்று பொருளல்ல. ஒன்றே பலமுறை சுற்றியிருக்கலாம். மெல்லிய குரலுடைய வகைகள் கருவிக்குத் தப்பிவிடும். பெரிய பழந்தின்னி வௌவால் கண்ணாலும் மோப்பத்தாலும் வழி அறிவதால் இம்முறைக்கு அகப்படாது. ஆகவேதான் வலையும் தேவைப்படுகிறது.

நெல் விவசாயிக்கு என்ன பயன்?

தாய்லாந்தில் ஒரு வகை வௌவால், நெல்லைத் தாக்கும் வெண்முதுகுத் தத்துப்பூச்சியைத் தின்பதால் ஆண்டுதோறும் ஏறக்குறைய 26,000 பேருக்கான அரிசி மிஞ்சுகிறது என 2014-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வௌவால் எலியைப் போல் பெருகுவதில்லை. பெரும்பாலான வகைகள் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். ஒரு கூட்டத்தைப் புகை போட்டு அழித்தால் அது மீண்டும் தேறப் பல ஆண்டுகள் ஆகும்.

எனவே பாழுங்கிணறு, பழைய மண்டபம், மரப்பொந்து ஆகியவற்றில் தங்கும் துரிஞ்சில்களுக்குப் புகை போடுவதையும் மருந்தடிப்பதையும் தவிர்க்க வேண்டும். வாய்க்கால் ஓரத்து மரங்களையும், பொந்துள்ள பழைய மரங்களையும் விட்டுவைப்பது நல்லது. விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடக்கூடாது. அந்தியில் வயலின் மேல் சத்தமே கேட்காவிட்டாலும் அங்கே காவல் நடந்துகொண்டிருக்கிறது என்பதை மறக்கலாகாது.