வாத்தியாரை மறித்த பிள்ளைகள்

திருவள்ளூர் ஜில்லாவில் பள்ளிப்பட்டுக்கு அருகே வெளியகரம் என்றொரு கிராமம் இருக்கிறது. ஆந்திர எல்லையை ஒட்டிய சீமை. 1960-ஆம் வருஷம் ஏப்ரல் வரையில் இப்பிரதேசம் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. இவ்வூர் சர்க்கார் உயர்நிலைப் பள்ளியைப் பற்றி 2018 ஜூன் மாதத்துக்கு முன் வெளியுலகம் அறிந்திருக்க நியாயமில்லை.

அம்மாதத்தில் ஒரு நாள் அப்பள்ளியின் இங்கிலீஷ் உபாத்தியாயர் மாற்றல் உத்தரவுடன் வாசலை நோக்கி நடந்தார். வயது இருபத்தெட்டு; 2014-ல் முதல் உத்தியோகமாக அங்கு வந்தவர். பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். கட்டிப் பிடித்துக்கொண்டு கதறினார்கள். போகவொட்டாமல் வகுப்புக்குள்ளேயே திரும்ப இழுத்துக்கொண்டு போனார்கள். வாத்தியாரும் அழுதார். பெற்றோர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் புகைப்படம் இரண்டொரு நாளில் தேசம் முழுவதும் பரவிற்று. அதிகாரிகள் மாற்றலைப் பத்து நாள் நிறுத்தி வைத்தார்கள்.

அவர் யாதொரு குற்றமும் செய்தவரல்லர். இலாகாவின் பாஷையில் அவர் ‘உபரி’. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று விகிதம் வகுத்திருக்கிறது. இப்படித் தலைகளை எண்ணி, மிஞ்சுகிறவர்களைக் குறைவான இடத்துக்கு அனுப்புவதற்குப் ‘பணி நிரவல்’ என்று பெயர். அவருக்கு விழுந்த இடம் திருத்தணிக்கு அருகேயுள்ள அருங்குளம்.

இதை அநியாயம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அருங்குளத்திலும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கும் இங்கிலீஷ் வேண்டும். ஆனால், வீட்டில் எழுத்தறிந்தவர் இல்லாத பையனுக்கு அந்தப் பாஷையின்மீதுள்ள பயம் தெளியவே ஒரு வருஷம் பிடிக்கும். தப்போ சரியோ வாய் திறந்து பேச இன்னொரு வருஷம். இருபது வருஷமாகச் சாக்குக்கட்டி பிடித்தவன் சொல்கிறேன். தலையை எண்ணலாம், இந்த இரண்டு வருஷத்தை எந்த ரிஜிஸ்தரில் பதிவது?

அமெரிக்காவின் சிறு நகரங்களில் ஊர் ஜனங்களே பெரும்பாலும் வோட்டுப் போட்டுப் பள்ளிச் சபையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆசிரியர்களை நியமிப்பது அச்சபைதான். ஆசிரியரை இழக்க விரும்பாதவர்கள் அதன் கூட்டத்தில் எழுந்து பேசலாம். (வீட்டு வரியை நம்பி நடப்பதால் பணக்கார ஊருக்குப் பணக்காரப் பள்ளி என்ற கேடும் அங்கே உண்டு. அதை நாம் கடன் வாங்க வேண்டாம்.) நம்மிடமும் பெற்றோர் நிறைந்த மேலாண்மைக் குழு சட்டப்படி இருக்கிறது, மாற்றல் விஷயத்தில் அதற்கு வாய் கிடையாது. ஆகவே வெளியகரத்தார் பள்ளி வாசலிலேயே பேசிவிட்டார்கள்.

திருத்தணி என்றதும் 1888-ல் அங்கே பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் ஞாபகம் வருகிறது. 1921-ல் அவர் மைசூரை விட்டுக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மலர் சூட்டிய வண்டியில் அவரை ஏற்றி, மாணாக்கர்களே ரயிலடி வரையில் இழுத்துச் சென்றார்கள். அவர்கள் வழியனுப்புவதற்காக இழுத்தார்கள்; இவர்கள் விடமாட்டோம் என்று இழுத்தார்கள்.

நானும் இரண்டு மாற்றல் கண்டவன். முதல் தடவை பஸ் ஏறும் வரையில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஒரு பையனையும் காணோம்! வெளியகரத்துப் புகைப்படத்தைக் கத்தரித்து என் மேஜை அறையில் வைத்திருக்கிறேன்.