ஆயாவின் காலும் பாட்டில் கொசுவும்



எங்க ஆயாவுக்கு இடது காலில் யானைக்கால் நோய். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் தம்பி ஒருநாள், "அக்கா, ஆயா பாவம் பண்ணதாலதான் கால் இப்படி ஆச்சாமே?" என்று கேட்டான். தெருவில் யாரோ சொன்னார்களாம். அது ஆயா காதிலும் விழுந்துவிட்டது. அவங்க ஒண்ணும் பேசல. புடவையை இழுத்துக் காலை மூடிக்கிட்டாங்க.

"பாவம் இல்லடா, கொசு" என்றேன். அவன் நம்பவில்லை. காட்டினால்தான் நம்புவான் என்று லீவில் இதைச் செய்தோம். நீங்களும் உங்க தம்பி, தங்கைகளுக்குச் செய்து காட்டலாம்.

தேவையானவை: கண்ணாடி பாட்டில் 2, பழைய கொசுவலைத் துணி, ரப்பர் பேண்டு, தெர்மோகோல் துண்டு.

சோதனை 1: துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரைப் புழுக்களோடு பாட்டில்களில் எடுத்தோம். வாயைத் துணியால் இறுக்கிக் கட்டினோம். (பெரியவங்க துணையோடு செய்யவும். கையை சோப்பு போட்டுக் கழுவவும்.)

"தலைகீழா தொங்குதுக்கா!" என்று தம்பி கத்தினான். ஆமாம், வால் பக்கம் உள்ள சின்னக் குழாயை நீர்மட்டத்தில் நீட்டித்தான் கொசுப்புழு மூச்சு விடுகிறது. பாட்டிலைத் தட்டினால் கீழே ஓடும், கொஞ்ச நேரத்தில் மேலே வந்துவிடும். பிறகு கால்புள்ளி மாதிரி வளைந்த கூட்டுப்புழு ஆனது. இரண்டு மூன்று நாளில் தோலை மிதக்கவிட்டுக் கொசு வெளியே வந்தது! முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என நான்கு பருவமும் முடிய சுமார் 7 முதல் 10 நாள்தான்.

சோதனை 2: இன்னொரு பாட்டிலில் தெர்மோகோலை உதிர்த்து, தண்ணீரே தெரியாதபடி மூடினோம். மறுநாள் பார்த்தால் புழுக்கள் செத்துக் கிடந்தன. தம்பியே காரணம் சொன்னான்: "மூச்சு விட எடம் இல்ல."

இனி ஆயா காலுக்கு வருவோம். பெண் கொசு மட்டுமே இரத்தம் குடிக்கும். சாக்கடை, கழிவுநீர்க் குழிகளில் வளரும் கியூலெக்ஸ் கொசு, நோயுள்ளவரை இரவில் கடிக்கும்போது நூல் போன்ற ஃபைலேரியா புழுவின் குஞ்சுகள் அதன் வயிற்றுக்குள் போகும். கொசுவின் உடலுக்குள் வளர்ந்து, அடுத்தவரைக் கடிக்கும்போது அவர் உடலுக்குள் நுழையும். பெரிய புழுவானதும் நிணநீர்க் குழாய்களைக் கெடுக்கும். கால் வீங்கும். ஒரு கடியில் வராது, பல வருஷக் கடி வேண்டும். தொட்டால் ஒட்டாது. பாவத்தாலும் வராது!

கொசுவுக்குள் இந்தப் புழு வளர்வதை 1877-இல் சீனாவில் கண்டவர் பேட்ரிக் மேன்சன் என்ற டாக்டர். மலேரியாவைக் கொசுவில் ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது அதற்கு 20 வருஷம் பின்னால், 1897 ஆகஸ்டு 20-இல். அந்த நாள்தான் உலகக் கொசு தினம்.

தெர்மோகோல் விளையாட்டு என்று நினைக்காதீங்க! அப்போது நம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த திருக்கோவிலூர் (2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம்) பகுதிக் கிராமங்களில், மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் கழிவுநீர்க் குழிகளில் தெர்மோகோல் மணிகளைக் கொட்டினார்கள். மக்களுக்கு மாத்திரையும் கொடுக்கப்பட்டது. மாத்திரையோடு கொசுவையும் ஒழித்த ஊர்களில் பலன் நிலைத்து நின்றது. 2007-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இது வெளியானது. (மூடிய குழிக்குத்தான் இது சரி. ஓடும் சாக்கடையில் போட்டால் அடித்துக்கொண்டு போய் அடைத்துவிடும்.)

நாம் செய்ய வேண்டியவை:
1. செப்டிக் டேங்க் காற்றுக்குழாய் வாயில் வலை கட்டுவோம்.
2. தண்ணீர் டிரம்மை மூடி, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுவோம். (பகலில் கடிக்கும் டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் வளரும்.)
3. சுகாதாரத் துறையினர் கொடுக்கும் மாத்திரையைத் தூக்கிப் போடாமல் விழுங்குவோம்.
4. வீங்கிய காலை தினமும் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, உயர்த்தி வைத்தால் காய்ச்சலும் வலியும் குறையும்.

சோதனை முடிந்ததும் பாட்டில் தண்ணீரை வெயில் காயும் மண்ணில் ஊற்றிவிட்டோம். துணியைப் பிரிக்கும் முன் கொசுவைச் சாகடித்துவிடணும், மறக்காதீங்க.

இப்போ தினமும் சாயங்காலம் ஆயா காலைக் கழுவித் துடைப்பது தம்பிதான். போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டதற்கு, "பாவமெல்லாம் இல்ல, கொசுடா. வா, காட்டுறேன்" என்றான். ஆயா காலை மூடிக்கல.

தேங்கும் நீரை அகற்றுவோம்! நோயாளியை ஒதுக்காதிருப்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி, திண்டிவனம்