புத்தகத்தை மூடுங்கள், படத்தைப் பாருங்கள்

புதிதாக டாரட் சீட்டுக்கட்டு வாங்குகிறவர்கள் பெட்டியைத் திறந்ததும், கூடவே இருக்கும் குட்டிப் புத்தகத்தைத்தான் முதலில் எடுக்கிறார்கள். எந்தச் சீட்டு வந்தால் என்ன பலன் என்று அதில் போட்டிருக்கும். ஓவியத்துக்காக வாங்கிய கட்டு என்றால், அந்தப் புத்தகத்தை ஒரு மாதமாவது கண்ணில் படாத இடத்தில் எடுத்து வையுங்கள். 78 ஓவியங்கள் உங்கள் கைக்கு வந்திருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் பலனைப் படிப்பது, கச்சேரிக்குப் போய்ப் பாட்டுப் பட்டியலை மட்டும் வாசித்துவிட்டு எழுந்து வருவது மாதிரி.

நான் சொல்ல வருவது பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டைப் பற்றி. 1909 டிசம்பரில் லண்டனில் வில்லியம் ரைடர் நிறுவனம் வெளியிட்டது. ஆங்கிலம் புழங்கும் நாடுகளில் டாரட் என்றதும் மனதில் வருவது இந்தப் படங்கள்தான். இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2009-இல் நூற்றாண்டையொட்டி அமெரிக்காவின் யு.எஸ். கேம்ஸ் நிறுவனம், பழைய அச்சின் அடங்கிய வண்ணங்களிலேயே ஒரு பதிப்பைக் கொண்டுவந்தது. எழுபதுகளிலிருந்து கடைகளில் கிடைக்கும் பதிப்பின் பளீர் மஞ்சளுக்குப் பழகிய கண்ணுக்கு இது வேறு கட்டு. வண்ணம் அடங்கியதும் கோடு தெரிகிறது. துணியின் மடிப்பு, கையின் தயக்கம், ஒதுங்கி நிற்கும் ஒரு மரம் என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் படுகின்றன.

டாரட் பிறந்தது குறி சொல்வதற்காக இல்லை. 15-ஆம் நூற்றாண்டில் வடக்கு இத்தாலியில் பிரபுக்கள் விளையாடிய சீட்டாட்டம் அது. மிலான் அரண்மனைக்காகத் தங்கப் பின்னணியில் வரைந்த விஸ்கொன்தி சீட்டுகள் சில இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாரிசில்தான் இதை வைத்துக் குறி பார்ப்பது பரவலானது. கட்டில் 22 சீட்டுகள் ‘மேஜர் அர்க்கானா’: மாயவித்தைக்காரன், பேரரசி, மரணம், நிலா போன்றவை. மீதி 56-ம் கோல், கோப்பை, வாள், நாணயம் என்ற நான்கு வகை. பமேலாவுக்கு முன் பெரும்பாலான கட்டுகளில் இந்த நான்கு வகையின் எண் சீட்டுகளில் கதை கிடையாது. கோப்பை ஐந்து என்றால் ஐந்து கோப்பைகள் இருக்கும், அவ்வளவுதான். விதிவிலக்கு, 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட சோலா புஸ்கா கட்டு. அதன் புகைப்படங்கள் 1907-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. மூன்று வாள்கள் பாய்ந்த இதயத்தையும், கோல்களைக் கட்டியணைத்துச் சுமக்கும் மனிதனையும் பமேலா அங்கேதான் பார்த்திருக்க வேண்டும்.

கட்டுக்குத் திட்டம் போட்டவர் ஆர்தர் எட்வர்ட் வெயிட். ‘கோல்டன் டான்’ என்ற மறைஞான சபையில் இருவருக்கும் பழக்கம். 22 பெரிய சீட்டுகளில் என்னென்ன வரவேண்டும் என்று வெயிட் கவனமாகச் சொல்லியிருக்கிறார். எண் சீட்டுகளைப் பெரும்பாலும் பமேலாவின் கையிலேயே விட்டுவிட்டார் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. பமேலா சில மாதங்களில் அத்தனையையும் வரைந்து முடித்தார். 1909 நவம்பரில் நியூயார்க்கிலிருந்த புகைப்படக் கலைஞர் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், பெரிய வேலை ஒன்றை முடித்திருப்பதாகவும் கிடைத்த பணம் மிகக் குறைவு என்றும் சொல்கிறார். விற்பனையில் பங்கு எதுவும் அவருக்கு வரவில்லை.

இந்த ஸ்டீக்லிட்ஸ் சாதாரண ஆள் இல்லை. புகைப்படத்துக்கென்று நடத்திய தன் கூடத்தில், புகைப்படம் அல்லாத கலைக்கு அவர் வைத்த முதல் கண்காட்சியே 1907 ஜனவரியில் பமேலாவின் ஓவியங்களுக்குத்தான். பமேலா பிறந்தது லண்டனில், 1878-இல். சிறுவயதில் சில ஆண்டுகள் ஜமைக்காவில் இருந்தார். நியூயார்க்கின் பிராட் கல்லூரியில் ஓவியம் படித்தார். ஜமைக்காவில் கேட்ட அனன்சி சிலந்திக் கதைகளை 1899-இல் புத்தகமாக்கினார். இசையைக் கேட்டுக்கொண்டே, மனதில் எழும் காட்சியை அப்போதே தாளில் இறக்குவார். நடிகை எல்லன் டெர்ரி, நடிகர் ஹென்றி இர்விங் ஆகியோரின் லைசியம் நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சென்றவர்.

அந்த நாடக அனுபவத்தைச் சீட்டிலேயே பார்க்கலாம். நாணயம் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். உயரமான தொப்பி வைத்த இளைஞன் ஒரு காலைத் தூக்கி, எட்டு போல் முறுக்கிய கயிற்றுக்குள் இரண்டு நாணயங்களைச் சுழற்றுகிறான். அவன் நிற்கும் தரை வழவழவென்று ஒரே மட்டம். அதன் விளிம்பில் நேர்கோடு. கோட்டுக்கு அப்பால்தான் கடல், மலைபோல் எழும்பும் அலை, தத்தளிக்கும் இரண்டு கப்பல்கள். அவன் நிற்பது மேடையில். பின்னால் இருப்பது திரைச்சீலை. இதே கோடு வேறு பல சீட்டுகளிலும் வருகிறது. இதைப் பார்த்துவிட்டால் அந்தச் சீட்டுக்கான கேள்வியே மாறிவிடும். இந்த ஆள் சமாளிக்கிறானா, சமாளிப்பதுபோல் நமக்கு நடித்துக் காட்டுகிறானா?

கட்டோடு பழக எனக்குத் தெரிந்த நல்ல வழி, கலைத்துப் போடாமல் வகை வகையாகத் தரையில் வரிசையாகப் பரப்பிப் பார்ப்பது. யார் நம்மைப் பார்க்கிறார், யார் முதுகைக் காட்டுகிறார், வானம் எங்கே இருண்டிருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். பிறகு தினம் ஒரு சீட்டு. கண்ணில் பட்டதை நோட்டில் எழுதுங்கள். பலனை எழுத வேண்டாம். நாணயம் ஒன்பதில் திராட்சைத் தோட்டத்தில் நிற்கும் சீமாட்டியையும் கையிலிருக்கும் வல்லூறையும் எல்லோரும் பார்ப்பார்கள். கீழே மண்ணில் ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருக்கிறது. கோப்பை ஐந்தில் கறுப்புப் போர்வை போர்த்தியவர் கவிழ்ந்த மூன்று கோப்பைகளையே பார்த்தபடி நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் கவிழாமல் இருக்கின்றன; ஆற்றுக்கு ஒரு பாலமும் இருக்கிறது. துக்கத்தில் இருக்கும்போது எனக்கு அந்தப் பாலம் தெரிவதில்லை. அதனாலேயே அந்தச் சீட்டை மிகவும் மதிக்கிறேன்.

அடுத்தவருக்குச் சீட்டுப் படிக்கும்போதும் இதே முறைதான். அலுவலகத்தில் என்னைவிட இளையவள் ஒருத்தி, வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டு வந்தாள். வந்தது கோல் பத்து. பத்துக் கோல்களையும் முன்னால் சேர்த்து அணைத்து, அதற்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒருவன் நடக்கிறான். தூரத்தில் ஒரு வீடு. நான் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்:

“அக்கா, இவன் இதையெல்லாம் ஒரு கட்டாக் கட்டித் தோள்ல போட்டிருந்தா வழியாவது தெரியும்ல?”

“சரி, இதுல எதை முதல்ல கீழ வைக்கலாம்?”

“பத்துல மூணு என்னோடதே இல்லக்கா. யாரும் கேட்காம நானா இழுத்துப் போட்டுக்கிட்டது.”

புத்தகத்தில் அந்தச் சீட்டுக்குப் ‘பாரம், ஒடுக்கம்’ என்று இருக்கும். அதைச் சொல்லியிருந்தால் பயந்துகொண்டு போயிருப்பாள். சீட்டு நாளை நடக்கப்போவதைச் சொல்லும் என்று நான் நம்பவில்லை. நல்ல ஓவியத்தின் முன் உட்கார்ந்தால் மனிதர்கள் தங்களைப் பற்றி உண்மையாகப் பேசுகிறார்கள், அதை நம்புகிறேன். நோய்க்கும் கடனுக்கும் வழக்குக்கும் சீட்டு எடுக்கவே கூடாது. அதற்கு மருத்துவர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார்.

பெரிய ஓவியர் வரைந்த கட்டெல்லாம் படிக்க வாகாக அமையும் என்றும் சொல்ல முடியாது. சல்வதோர் டாலியின் கட்டு 1984-இல் வந்தது. 2019-இல் தாஷென் பதிப்பகம் மறுபடி அச்சிட்டது. மாயவித்தைக்காரன் சீட்டில் டாலி, பேரரசியாக மனைவி காலா. பழைய ஐரோப்பிய ஓவியங்களை வெட்டி ஒட்டி, மேலே தூரிகையால் விளையாடியிருக்கிறார். பார்க்கப் பார்க்கப் பிரமிப்புதான். ஆனால் எந்தச் சீட்டை எடுத்தாலும் முதலில் டாலிதான் வந்து நிற்கிறார்; கேள்வி கேட்டு வந்தவருக்கு இடம் இல்லை. ஓவியர் பிரீடா ஹாரிஸ் 1938 முதல் ஐந்து ஆண்டுகள் மறைஞானவாதி அலெய்ஸ்டர் குரோலிக்காக வரைந்த தோத் கட்டு கோணங்களும் ஒளிக்கதிர்களுமாக அபாரமான வேலை. அதன் எண் சீட்டுகளில் மனிதர்கள் இல்லாததால், விளக்கப் புத்தகம் இல்லாமல் புதியவர்கள் நுழைவது கடினம். மெக்சிகோவில் வாழ்ந்த ஓவியர் லியோனோரா கேரிங்டன் தங்க, வெள்ளித் தகடு ஒட்டி 22 பெரிய சீட்டுகளை மட்டும் வரைந்தார். பொதுமக்கள் பார்வைக்கு அவை வந்தது 2018-இல், அவர் மறைந்து 7 ஆண்டுகள் கழித்து. இவற்றையெல்லாம் ஓவியமாக ரசிக்கிறேன். ஒருவர் கவலையோடு எதிரே உட்கார்ந்தால் நான் எடுப்பது பமேலாவின் கட்டைத்தான்.

பமேலா 1951-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் பியூட் என்ற ஊரில் வறுமையில் இறந்தார். கடனை அடைக்க அவருடைய பொருள்களை விற்றார்கள். சீட்டுகளின் மூல ஓவியங்கள் கிடைக்கவில்லை. பல பத்தாண்டுகள் இந்தக் கட்டு ‘ரைடர்-வெயிட்’ என்று வெளியீட்டாளர் பெயரிலும் வெயிட் பெயரிலும்தான் விற்றது. வரைந்தவரின் பெயரையும் சேர்த்து ‘ரைடர்-வெயிட்-ஸ்மித்’ என்று சொல்லும் வழக்கம் பிறகுதான் பரவியது. ஆனால் படங்களுக்குள் தன் முதலெழுத்துகளைப் பாம்பு நெளிவதுபோல் பின்னிய கையெழுத்தாக பமேலா வைத்திருக்கிறார். மலிவான மறுபதிப்புகள் சிலவற்றில் அதையும் நீக்கிவிடுகிறார்கள்.

இப்போது கடைகளிலும் இணையத்திலும் விதவிதமான டாரட் கட்டுகள் கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஓவியர் பெயர் போடாத கட்டு என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.